பெட்டிக்காரன் பாலத்தில் உட்கார்ந்த பக்கம்

ஒரு பெண்ணைத் திருடி என்று எழுதிக் கொடுத்தேன். அவள் திருடவில்லை என்று தெரிந்த பிறகும் ஐந்து மாதம் வாயைத் திறக்கவில்லை. முதலாவதைத் தவறு என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவதற்கு அந்தப் பெயர் போதாது. எழுபத்தாறு வயதில், ஆங்கில இலக்கியம் கற்பித்து ஓய்வு பெற்ற ஒருவன், என்ன செய்கிறோம் என்று நன்றாகத் தெரிந்தே செய்தது அது.

நடந்ததைச் சொல்ல மங்காவிலிருந்து தொடங்க வேண்டும். ஜப்பானியச் சித்திரக் கதையை அப்படிச் சொல்வார்கள். இப்போது பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் அது தெரியும். எழுபதுகளில் திருநெல்வேலியில் அதைத் தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான் என்று நான் பெருமையாக நினைத்திருந்தேன். ஒருவன் நான். இன்னொருவன், பாளையங்கோட்டைக் கல்லூரி விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த காயல்பட்டினத்துக்காரன். படிப்பு முடிந்ததும் அவன் தாய்மாமனோடு ரத்தினக் கல் வியாபாரத்துக்குப் போனான். முதலில் ஹாங்காங், பிறகு ஜப்பான். நான் படித்த கல்லூரியிலேயே வேலைக்குச் சேர்ந்தேன்.

இரண்டு வருடத்துக்கு ஒரு முறை விடுமுறையில் வருவான். மற்றவர்களுக்கெல்லாம் அத்தர், சட்டைத் துணி. எனக்கு மட்டும் மங்கா. செங்கல் கனத்தில், மட்டமான தாளில், பழைய புத்தகக் கடையில் பொறுக்கியவை. காலையில் குறுக்குத்துறையில் ஆற்றில் குளித்துவிட்டு, ஈரத் துண்டோடு கல்மண்டபத்தில் உட்கார்ந்து அவன் படித்துச் சொல்வான். புத்தகத்தை எங்கிருந்து தொடங்குவது என்று நான் தடுமாறுவேன். அவனுக்கு அந்தக் குழப்பமே கிடையாது. ஓதுவதற்கு அரபியும், வீட்டில் அரபு எழுத்தில் எழுதிய தமிழும் வலமிருந்து இடமாகப் படித்து வளர்ந்தவன்.

“ஏலே, நீங்கதான் புஸ்தகத்தைத் தலைகீழாப் பிடிக்கியோ. ஜப்பான்காரனும் நாங்களும் சரியாத்தான் பிடிக்கோம்” என்பான்.

“இந்த எழுத்தையெல்லாம் எப்பிடிலே வாசிக்கே?”

“அங்கன இத்தன வருசம் கல்லு வித்திருக்கேன், வாசிக்கத் தெரியாமலா? சும்மா கேளு.”

நான் கேட்டேன். ஒரு வரியையும் சந்தேகிக்கவில்லை.

அவன் கொண்டுவந்தவற்றில் அட்டை கிழிந்த ஒரு புத்தகம் இருந்தது. தொப்பி வைத்த ஒல்லி மனிதன் ஒருவன் முதுகில் பெட்டியைச் சுமந்துகொண்டு பனியில் நடக்கிறான். வீடு வீடாகப் போகிறான். பெட்டியைத் திறந்து சிறு பொட்டலம் ஒன்றை எடுத்துக் கொடுக்கிறான். வாங்கியவர்கள் அழுகிறார்கள். கிழவர் அழுகிறார், மணப்பெண் அழுகிறாள், மல்யுத்தக்காரனைப் போன்ற ஒரு தடியன்கூட முகத்தைச் சுளித்துக்கொண்டு அழுகிறான். நண்பன் விரலை வைத்து வாசித்துச் சொன்ன கதை இதுதான்: கடலுக்குப் போய்த் திரும்பாதவர்கள் கடைசியாகச் சொன்ன சொல்லை அவரவர் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்ப்பது பெட்டிக்காரனின் வேலை. பொட்டலத்துக்குள் இருப்பது அந்தச் சொல்.

ஒரு பக்கத்தில் மட்டும் எழுத்தே இல்லை. பக்கம் முழுக்க ஒரே படம். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, மரப் பாலத்தின் நடுவில், நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவன் உட்கார்ந்திருக்கிறான். அங்கே நண்பன் தயங்கினான்.

“இதுக்கு நீ சொல்லுலே.”

“அவனுக்கே ஒரு பொட்டலம் வந்திருக்கு. பிரிக்கப் பயப்படுதான்” என்றேன்.

“ஆமாலே, அதேதான்” என்று பக்கத்தைப் புரட்டினான்.

அந்தப் பக்கத்துக்குப் பொருள் சொன்னது நான் என்பதை அப்புறம் மறந்துபோனேன். ஐம்பது வருடத்தில் அதுவும் புத்தகத்துக்குள் இருந்த சங்கதியாகவே என் நினைவில் சேர்ந்துவிட்டது.

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு ஒரு குழு கிடைத்தது. மங்கா படிக்கிற பத்துப் பன்னிரண்டு பேர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பாளையங்கோட்டையில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் கூடுவோம். கடைக்காரரும் மங்காப் பைத்தியம். மற்ற நாட்களில் கைபேசியில் பேச்சு நடக்கும். அவர்களில் பெரும்பாலோருக்கு என் வயதில் பாதிகூட இல்லை. புதிய மங்காக்களை ஆங்கிலத்தில் படிப்பவர்கள். நான் அவற்றைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்குவேன். பழைய ஓவியர்கள் பனியை வரைந்தால் குளிரும், ஒரு முதுகை வரைந்தே ஒரு வாழ்க்கையைச் சொல்லிவிடுவார்கள், இன்றைக்கு வரைபவர்களுக்குக் கண் மட்டும் பெரிது, பார்வை கிடையாது என்றெல்லாம் எழுதுவேன். ஆதாரமாக எப்போதும் பெட்டிக்காரன் கதையைச் சொல்வேன், ஆனால் முழுவதையும் சொல்ல மாட்டேன். “அந்தக் கதையை நீங்கள் படித்திருக்க வேண்டும்” என்று நிறுத்திக்கொள்வேன். அந்த நிறுத்தலில் எனக்கு ஒரு சுகம் இருந்தது.

போன வருடம், சென்னையில் சிறிய அளவில் புத்தகம் போடுகிற ஒருவர் தமிழிலேயே வரைந்த ஒரு மங்காவை வெளியிட முடிவு செய்தார். வந்தவற்றில் ஒன்று அவருக்குப் பிடித்திருந்தது. என் பெயரை யாரோ சொல்ல, வரைந்தவரின் பெயரை மறைத்து எனக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டார்.

கணினியில் வரைந்த நாற்பது பக்கம். பனி இல்லை, உப்பளம். நண்பகல் வெயிலில் கண் கூசும் வெள்ளை. அதன் நடுவில் பெட்டி சுமந்த ஒல்லி மனிதன். முதல் பக்கத்தைப் பார்த்ததும் நன்றாக இருக்கிறது என்றுதான் மனம் சொன்னது. இதை இதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை. இரண்டாவது வீட்டில் பொட்டலத்தைக் கொடுத்ததும் எனக்குக் கதை தெரிந்துவிட்டது. பாலத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் பக்கம் வந்தபோது கொதித்துப்போனேன். அருகில் பிரிக்காத பொட்டலம். அதன் மேல் அவனுடைய பெயரே எழுதியிருந்தது.

அன்றைக்கே எழுதினேன். இது பழைய ஜப்பானிய மேதை ஒருவரின் கதை, மூல நூல் என்னிடம் இருக்கிறது, உப்பைப் பூசினால் திருட்டு மறையாது என்று எழுதினேன். குழுவிலும் போட்டேன். ‘இன்றைய தலைமுறை வரைவதற்குக் கதைகூட அன்றைய மேதைகளிடமிருந்துதான் திருட வேண்டியிருக்கிறது.’ எல்லாரும் கை தட்டும் படம் போட்டார்கள். பதிப்பாளர் அந்தப் புத்தகத்தைக் கைவிட்டார்.

பத்து நாள் கழித்துக் கைபேசியில் ஒரு பெண் அழைத்தாள்.

“மாமா, என்னைத் தெரியாது உங்களுக்கு. உங்க கூட்டாளி மக நான்.” நண்பன் இறந்து நாலு வருடம் ஆகியிருந்தது. அவனுடைய மகள் உள்ளூர்ப் பள்ளியில் கணினி ஆசிரியை என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தேன். “பதிப்பாளர்தான் உங்க நம்பரைக் குடுத்தாஹ. அந்தப் பெட்டிக்காரன் படம் நான் வரைஞ்சது. வாப்பா சின்ன வயசுல சொன்ன கதை. அதை வாப்பா சொந்தமா கட்டினாஹன்னுதான் நான் நெனச்சேன். புஸ்தகத்துல இருக்கா மாமா?”

அப்போதும் கெட்டிக்காரத்தனம் போகவில்லை. “இருக்கும்மா. உங்க வாப்பாதான் எனக்கு அதை வாசிச்சுச் சொன்னான்” என்றேன்.

“வாசிச்சாஹளா?” அவள் சிரித்துவிட்டாள். சிரிப்பில் கேலி இல்லை, வெறும் ஆச்சரியம். “வாப்பாவுக்கு ஜப்பான் எழுத்து ஒண்ணுகூடத் தெரியாதே மாமா. கூட இருந்த ஆளு எழுதிக் குடுத்த அட்டையக் காட்டித்தான் பஸ்ஸே ஏறுவாஹளாம். நீங்க எனக்கு அந்தப் புஸ்தகத்தப் போட்டோ எடுத்து அனுப்புங்களேன்.”

தேடிப் பார்க்கிறேன் என்றேன். புத்தகம் என் கைக்கு எட்டும் தூரத்தில் அலமாரியில் இருந்தது.

அன்றிலிருந்து பயம் தொடங்கியது. என் மனைவி சில மாதங்களுக்கு முன் எனக்கு ஒரு வேடிக்கை காட்டியிருந்தாள். வெளிநாட்டிலிருந்து மகள் அனுப்பிய சேமியா பாக்கெட்டின் மேல் கைபேசியைப் பிடித்தால், ஜப்பானிய எழுத்துகள் கலைந்து தமிழாகிவிடும். இறால் சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பாள், இறால் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. அது எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் இருபது நாள் அந்த அலமாரிப் பக்கம் போகவில்லை. பிறகு ஒரு மதியம், மனைவி மாதர் சங்கத்துக்குப் போயிருந்தபோது, கதவைத் தாழிட்டுவிட்டுப் புத்தகத்தை விரித்தேன். முதலில் எழுத்துகள் குதித்துக்கொண்டிருந்தன. புத்தகத்தைச் சுவரோடு சாய்த்து வைத்துக் கைபேசியை இரண்டு கையாலும் பிடித்தேன்.

கிழவர் அழுதுகொண்டே சொன்னார்: ‘கசப்பு! என்ன கசப்பு!’

மணப்பெண் சொன்னாள்: ‘மூன்று நாளாக வயிறு இளகவில்லை.’

பெட்டிக்காரன் தொப்பியைத் தூக்கிச் சொன்னான்: ‘ஒரே வேளை. காலையில் பலன்.’

வயிற்றுக்குச் சூரணம் விற்கிற ஊர்சுற்றி வியாபாரியின் நகைச்சுவைக் கதை அது. பக்கத்துக்குப் பக்கம் பிடித்துப் பார்த்தேன். ஒன்றிலாவது கடல் வருமா, இறந்தவர்கள் வருவார்களா என்று தேடினேன். வரவில்லை. அந்தத் தடியன் அழுததும் கசப்பில்தான். கடைசியில் எழுத்தில்லாத பாலம் வந்தது. கைபேசிக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அப்போதுதான் மண்டபமும் ஈரத் துண்டும் ‘இதுக்கு நீ சொல்லுலே’ என்ற குரலும் திரும்பி வந்தன. எந்தப் பக்கத்தைக் கண்டு திருட்டு என்று கொதித்தேனோ, அந்தப் பக்கம் என் வாயிலிருந்து போனது. மற்றவை எல்லாம் அவளுடைய தகப்பன் கட்டியவை.

உடனே கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது. புத்தகத்தைப் பழைய விரிவுரைக் குறிப்புகளுக்கு அடியில் வைத்தேன். அவள் மறுபடி கேட்டபோது, “வீடு மாத்தும்போது எங்கயோ போயிட்டும்மா, கிடைக்கல” என்றேன். நாங்கள் முப்பது வருடமாக வீடு மாற்றவில்லை.

எதற்குப் பயந்தேன்? தண்டனைக்கு இல்லை. மாடியில் அந்தப் பத்துப் பேர் என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடும் என்று பயந்தேன். அதைவிடப் பெரிய பயமும் ஒன்று இருந்தது. பழைய ஓவியர்கள் என்று நான் ஐம்பது வருடம் கொண்டாடியது யாரை? மற்ற புத்தகங்களையும் அவன்தான் வாசித்துச் சொன்னான். அவற்றின் மேல் கைபேசியைப் பிடிக்க இன்றுவரை எனக்குத் தைரியம் வரவில்லை. பழையவற்றை நான் பார்த்தேனே தவிரப் படித்ததில்லை. புதியவற்றைப் படித்தேன், நின்று பார்க்கவில்லை. இரண்டையும் ஒப்பிட்டு எது தாழ்ந்தது என்று தீர்ப்பு மட்டும் சொன்னேன்.

ஐந்து மாதம் கைபேசி ஒலித்தாலே கவிழ்த்து வைப்பேன். ஞாயிறுதோறும் ஆராதனையில் எல்லாரோடும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்லும்போது, எனக்கு முன்னால் நிற்பவர் திரும்பிப் பார்ப்பாரோ என்று குரலைத் தாழ்த்திக்கொள்வேன். மனைவி கவனித்தாள். “என்னங்க, யார்கிட்டயாவது எதுலயாவது மாட்டிக்கிட்டீங்களா? முகமே சரியில்லையே” என்றாள். பித்தம் என்றேன். அவள் வேப்பம்பூக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். கசப்பாக இருந்தது. அந்தக் கசப்பில் என் முகம் எப்படிப் போயிருக்கும் என்று நினைத்துப் பாதியில் வைத்துவிட்டேன்.

பிறகு ஒரு வியாழக்கிழமை அவள் மறுபடி அழைத்தாள். குரலில் கோபமில்லை. அதுதான் என்னைக் கலக்கியது.

“மாமா, இனிமேத் தேட வேண்டாம். மனசு ஒத்துக்கிடுச்சு. வாப்பா எங்கயோ பாத்ததத்தான் தான் கட்டினதா சொல்லியிருக்காஹ. மவுத்தானவஹள நான் என்னத்தக் கேக்க? படத்தையெல்லாம் அழிச்சிடலாம்னு இருக்கேன். வச்சிக்கிட்டிருந்தா வாப்பா மேல வருத்தம்தான் வருது.”

“அழிக்காதம்மா. ஞாயிறு வரைக்கும் பொறு” என்று மட்டும் சொன்னேன். அப்போதும் உண்மையைச் சொல்லவில்லை. அவ்வளவுதான் என் தைரியம்.

அன்று மாலையே குழுவில் எழுதினேன்: நான் சொன்னது தவறு, அந்தக் கதை மூல நூலில் இல்லை, வரைந்தவள் இறந்துபோன என் நண்பனின் மகள், அவள் திருடவில்லை. பதில்கள் வந்தன. ‘சார் மனசு யாருக்கு வரும்.’ ‘செத்துப்போன நண்பரோட மகளாம், அதான் காப்பாத்தப் பாக்காரு.’ மருந்துக் கடைக்காரர் தனியாகவே அழைத்துவிட்டார்.

“சார், அந்தப் புள்ளைக்காக நீங்க பொய்யனாகணுமா? உங்க ஒசந்த குணம் எங்களுக்குத் தெரியாதா?”

“அண்ணாச்சி, நான் சொல்லுதது நெசம்.”

“சரி சார், சரி சார்” என்றார், குழந்தையைத் தட்டிக்கொடுப்பது போல.

என் பொய்யை ஒரே நாளில் நம்பியவர்கள் உண்மையை நம்பவில்லை. அப்புறம் செய்வதற்கு ஒன்றுதான் மீதியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு மாடிக்குப் போனேன். இருபது படி. ஒவ்வொரு படியிலும் திரும்பிவிடலாம் என்று கால் சொன்னது. புத்தகத்தை மேசையில் விரித்து, “அண்ணாச்சி, உங்க போனைப் பிடிங்க. வாசிங்க, எல்லாருக்கும் கேக்கணும்” என்றேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். “கசப்பு… என்ன கசப்பு…” அடுத்த கட்டம். “மூணு நாளா வயிறு…” நிறுத்தினார். என்னைப் பார்த்தார். அடுத்த பக்கத்தைத் தானே புரட்டிப் பிடித்தார். பிறகு அடக்க முடியாமல், “சார், இது நம்ம கடைச் சரக்குல்லா!” என்றார்.

மாடியே அதிர்ந்தது. “மேதையோட காவியம் பேதி மருந்தா வே!” என்று ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். நான் உட்கார்ந்திருந்தேன். சிரிப்பு ஓய்ந்த பிறகு யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் பயந்தது அந்தப் பார்க்காமைக்குத்தான். அது அப்படியே நடந்தது. ஆனால் நம்பிவிட்டார்கள். பதிப்பாளருக்கு அங்கிருந்தே எழுதினார்கள். இந்த வருடப் புத்தகம் வேறொருவருக்குப் போய்விட்டது, இனி வாய்ப்பு வந்தால் பார்க்கலாம் என்று பதில் வந்தது. அந்த மாடிக்கு நான் அப்புறம் போகவில்லை. அவர்களும் கூப்பிடவில்லை.

அடுத்த நாள் காயல்பட்டினத்துக்குப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் ஆறு பக்கத்திலேயே வந்தது. ஆத்தூர்ப் பாலத்தில் பஸ் மெதுவாகப் போனபோது ஜன்னல் வழியே பார்த்தேன். கைப்பிடிச் சுவரின் வளைவு தெரிந்தது. அவள் வரைந்த பாலம் அதுதான். அனுப்பிய நாற்பது பக்கத்தையும் பார்த்தேன், இதைப் பார்க்கவில்லை.

முன் கூடத்தில் உட்கார வைத்தாள். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். முகத்தில் அவன் இருந்தான். உள்ளே கதவோரம் அவளுடைய உம்மா நிற்பது தெரிந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். தொலைந்தது என்று சொன்ன புத்தகத்தை எடுத்து வைத்தபோதுதான் அவள் முகம் மாறியது.

“எத்தன நாளாத் தெரியும்?”

“அஞ்சு மாசம்.”

“அஞ்சு மாசம்” என்றாள். தன் கைபேசியை எடுத்து, வலது ஓரத்திலிருந்து சரியாகத் தொடங்கி, பக்கம் பக்கமாகப் பிடித்துப் பார்த்தாள். மணப்பெண்ணுக்கு வந்ததும் உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “உம்மா, இங்க வாங்களேன்! இதப் பாத்தா வாப்பா அப்பிடிச் சொன்னாஹ!” கதவுக்குப் பின்னால் உம்மாவும் சிரிப்பது கேட்டது. “அவஹளுக்குப் பொய் சொல்லச் சொல்லியா குடுக்கணும்?”

அந்தச் சிரிப்போடு நான் எழுந்து வந்திருக்கலாம். ஆனால் சொல்லாமல் வைத்ததன் விலை எனக்குத் தெரிந்திருந்தது. பாலத்துப் பக்கத்தைக் காட்டி, “இது மட்டும் உங்க வாப்பா கட்டினது இல்லம்மா. பிரிக்கப் பயப்படுதான்னு நான்தான் சொன்னேன். அவன் அதையும் சேத்து உனக்குச் சொல்லியிருக்கான்” என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “அப்போ நான் திருடித்தான் போல, மாமா. உங்ககிட்டயே திருடியிருக்கேன்.”

“அப்பிடிச் சொல்லாத.”

“சொன்னது நீங்கதானே.”

தேநீர் வந்தது. குடித்தேன். மன்னிப்பு என்ற சொல்லை அவள் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. புத்தகத்தை என் பையில் அவளே திரும்ப வைத்தாள். “வாப்பா உங்களுக்குன்னு கொண்டாந்தது. உங்ககிட்டயே இருக்கட்டும்.”

ஏழு மாதம் கழித்து, போன வாரம் ஒரு தபால் பொட்டலம் வந்தது. அனுப்பியவர் இடத்தில் காயல்பட்டினம். மேலே என் பெயர். காலையில் வந்ததை மேசையில் வைத்துவிட்டுச் சாப்பாட்டு நேரம்வரை அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். “வெடியா இருக்கு உள்ள? பிரியுங்களேன்” என்றாள் மனைவி. கடைசியில் அவளே கத்தரித்துக் கொடுத்தாள்.

அவளுடைய புத்தகம். வெளிநாட்டிலிருக்கும் அண்ணன்மார் சேர்ந்து அச்சிட்டிருக்கிறார்கள். வலது பக்கத்திலிருந்து திறக்கிறது. முதல் தாளில், ‘கதை: என் வாப்பா’ என்று இருந்தது. எனக்கென்று ஒரு வரியும் எழுதியிருக்கவில்லை. மூன்றாவது வீடு, நாலாவது வீடு என்று புரட்டிக்கொண்டு போனேன். பாலம் வர வேண்டிய இடத்தில் பாலம் இல்லை. பெட்டிக்காரன் ஒரு வீட்டை விட்டு இறங்குகிறான், அடுத்த கட்டத்தில் உப்பளத்தின் மறுகரையில் நடந்துகொண்டிருக்கிறான். எங்கும் உட்காரவில்லை. அவனுக்கென்று பொட்டலம் எதுவும் வரவில்லை.

அந்தப் பக்கத்தை எடுத்ததால் கதை எங்காவது தட்டுகிறதா என்று முதலிலிருந்து இரண்டு தரம் மெதுவாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். எங்கும் தட்டவில்லை.